பட்டறையா காலேஜான்னு கேக்குறவங்களுக்கு

+2 ரிசல்ட் வந்துட்டா எங்க சேலம் பக்கம் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டைன்னு வெள்ளி வேலை நடக்குற பக்கம் இருக்கறவங்களுக்கு தெரிஞ்ச கணக்குதான். பையன் மூணு வருஷம் காலேஜ் போனா செலவு எவ்ளோ, அதே மூணு வருஷம் கொலுசு பட்டறையில உக்காந்தா கூலி எவ்ளோ, டிகிரி முடிச்சு வெளிய வந்தா முதல் சம்பளம் எவ்ளோ, அந்த நேரத்துக்கு தொழில் கத்துக்கிட்ட பையன் எவ்ளோ வாங்கிட்டு இருப்பான். இந்த கணக்குல காலேஜ் பெரும்பாலும் தோத்துரும். எங்க மாமா இந்த வருஷம் இதையே போட்டு பாத்துட்டு எங்கிட்ட வந்து, "நீ படிச்சியேடா, உனக்கு நெஜமா என்ன கெடச்சுது"ன்னு கேட்டாரு, கூடவே இப்பதான் எல்லாம் யூட்யூப்லயே இருக்குதேன்னு ஒரு போடு வேற. நின்ன வாக்குல பதில் சொல்ற விஷயமா இது, அதான் உக்காந்து எழுதறேன்.

சம்பளத்த பத்தி மாமா சொல்றது சரிதான், அத மறுக்க மாட்டேன். பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு ஒரு மருந்து கம்பெனி லேப்ல நான் வாங்குன முதல் சம்பளம் எங்க பட்டறையில பாலிஷ் போடுற அண்ணன் வாங்குறதுக்கும் கம்மி. அதோட விட்டுடலாம்.

எனக்கு கெடச்சது வேற. எங்க அப்பா பழைய கொலுச உருக்கி நைட்ரிக் ஆசிட்ல கரைச்சு வெள்ளிய பிரிச்சு எடுக்குறத சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். கரைச்ச தண்ணி நீலமா இருக்கும், அதுல செம்பு தகடு போட்டு வெச்சா கொஞ்ச நேரத்துல சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி வெள்ளி வந்து படியும். ஏம்ப்பா செம்புன்னு கேட்டா "அப்படித்தான் போடணும்"பாரு. இரும்பு போட்டா என்னப்பான்னா "வெள்ளி கெட்டுரும்". அவருக்கு அவரு மாமா சொன்னது, அவருக்கு யாரு சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. செகண்ட் இயர்ல எலக்ட்ரோகெமிக்கல் சீரிஸ், அதாவது எந்த உலோகம் எலக்ட்ரான சுலபமா விடும்ங்கிற வரிசை, நடத்தறப்ப சார் போர்டுல வெள்ளி 0.80 வோல்ட், செம்பு 0.34, இரும்பு மைனஸ் 0.44ன்னு வரிசையா எழுதுனாரு, எண்ணு கம்மியா இருக்குறது சுலபமா விட்டுரும். நான் அத பாத்துட்டே உக்காந்திருக்கேன், திடீர்னு எங்க வீட்டு பின்னாடி வாசல் ஞாபகத்துக்கு வருது. செம்பு தன்னோட எலக்ட்ரான குடுத்துட்டு கரைஞ்சு போகுது, வெள்ளி அத வாங்கிட்டு வெளிய வருது, இரும்ப போட்டா வெள்ளியோட சேந்து கரைஞ்சிருக்குற செம்பும் வெளிய வந்து கலந்துரும், அப்பா சொல்ற "கெட்டுரும்" அதுதான். கைய தூக்கி சொன்னேன். சார் என்ன முன்னாடி வந்து சொல்ல சொன்னாரு, பட்டறையில எந்த பாத்திரத்துல பண்ணுவாங்க, எவ்ளோ நேரம் விடுவாங்க, வெள்ளி மிச்சம் இருக்குதான்னு எப்படி பாப்பாங்கன்னு அவரே கேக்குறாரு. அந்த தண்ணிய கொஞ்சம் எடுத்து உப்புத்தண்ணி விட்டு பாப்பாங்க சார், பால் மாதிரி வெள்ளையா திரிஞ்சா இன்னும் வெள்ளி இருக்குன்னு அர்த்தம்னேன். அது சில்வர் குளோரைடு, உப்புல என்ன உலோகம்னு கண்டுபிடிக்கிற சால்ட் அனாலிசிஸ்ல முதல் குரூப்பு, நாங்க லேப்ல பண்றது அதேதான். கிளாஸ்ல பாதி பேரு சிரிச்சாங்க, பாதி பேரு நோட்டுல எழுதுனாங்க.

அதுவரைக்கும் பட்டறை வேலைய வெளிய சொல்றதுக்கு எனக்கு ஒரு கூச்சம் இருந்துச்சு. அன்னிக்கோட போச்சு.

இன்னொண்ணு இத விட முக்கியம். ஆசிட்ல வெள்ளி கரையிறப்ப பழுப்பா ஒரு புகை வரும்ல, நைட்ரஜன் டை ஆக்சைடு. அத மூச்சுல இழுத்தா அப்போதைக்கு லேசா இருமல் வந்துட்டு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா பல மணி நேரம் கழிச்சு கூட நுரையீரல்ல தண்ணி கோத்து ஆளையே சாச்சுரும்னு லேப்ல சொன்னாங்க. எங்க வீட்டுல அத ஜன்னல் சாத்துன ரூம்ல பண்ணிட்டு இருந்தாங்க, காத்து வந்தா அடுப்பு அணையுமாம். நான் போய் சொன்னா அப்பா கேக்கல, "இத்தன வருஷம் எங்களுக்கு என்ன ஆச்சு"ன்னாரு. புக்க எடுத்து காட்டுனேன், அதுக்கும் அசரல, கடைசில அம்மா சத்தம் போட்டாங்க. இப்ப ஆசிட் வேலை பூரா பின்னாடி திறந்த வெளியில, உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது. சம்பள கணக்குல இத எந்த வரியில எழுதறது மாமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நானும் ஃப்ரெண்டும் கொலுசோட டச், அதாவது அதுல சுத்த வெள்ளி எவ்ளோன்னு பாக்கலாம்னு எடுத்தோம். ஆசிட்ல கரைச்சு, ஃபெரிக் ஆலம் இண்டிகேட்டர் போட்டு, பியூரெட்ல, அதாவது அளவு போட்ட கண்ணாடி குழாய்ல, தயோசயனேட் விட்டு, லேசா செங்கல் கலர் வந்து நிக்கிறப்ப நிறுத்தணும், வோல்ஹார்ட் முறைன்னு பேரு. கடைக்காரர் சொன்ன டச்சும் பியூரெட் சொன்ன டச்சும் ஒத்தே வரல. நாங்க குதிச்சுட்டு போய் சார்கிட்ட சொன்னா அவரு ஒரே கேள்வி, "கொலுசுல எந்த எடத்துல வெட்டுனீங்க?" ஒட்டு வெச்ச எடத்துல செம்பும் ஜிங்க்கும் சேந்திருக்கும், அங்க வெட்டுனா டச் கம்மியாத்தான் காட்டும். அப்புறம் ஒட்டுல ஒரு துண்டு, தள்ளி ஒரு துண்டு, அப்புறம் முழுசா உருக்கி நடுவுல ஒண்ணுன்னு எடுத்து பாத்தோம், மூணும் வேற வேற. முழுசா உருக்குனதுலயும் கடைக்காரர் சொன்னது வரல, அது தனி கதை, விடுங்க. யூட்யூப்ல டைட்ரேஷன் வீடியோ ஆயிரம் இருக்கு மாமா, நான் இப்பவும் பாக்குறேன், நல்லாவே சொல்லி குடுக்குறாங்க. ஆனா "எந்த எடத்துல வெட்டுன"ன்னு எந்த வீடியோவும் என்ன பாத்து கேக்காது. நான் சொல்றத நம்பாம, ரெண்டு ரீடிங் ஒத்து வர்ற வரைக்கும் ரெக்கார்டுல கையெழுத்து போடாம ஒரு ஆள் நின்னாருல்ல, அந்த பழக்கம் இன்னிக்கு வரைக்கும் கூட வருது. வாட்ஸ்அப்ல வைத்தியம்னு எதாவது வந்தா கூட மனசுக்குள்ள அதே கேள்விதான் வருது.

சரி, படிப்ப விடுங்க. எங்க தெருவுல நான் எப்பவுமே இன்னாரோட பையன். டீக்கடையில உக்காந்தா அப்பாவுக்கு நியூஸ் போயிரும். காலேஜ்லதான் முதல் தடவையா யாருன்னே தெரியாத அறுபது பேரு நடுவுல போய் உக்காந்தேன். ஆத்தூர் பக்கத்துல இருந்து மரவள்ளி போடுற வீட்டு பையன், எடப்பாடியில விசைத்தறி ஓட்டுற வீட்டு பையன், தர்மபுரியில இருந்து ஹாஸ்டல்ல தங்கி படிக்கிறவன். மரவள்ளி விலை விழுந்தா ஆத்தூர்காரன் ஃபீஸ் கட்ட லேட்டாகும், கரண்ட்டு கட்டு நாள்ல எடப்பாடிக்காரன் வீட்டுக்கு ஃபோன் போட்டு தறி ஓடுதான்னு கேப்பான். வெள்ளி விலை ஏறுறது எறங்குறது மட்டும்தான் உலகம்னு இருந்தவனுக்கு, மரவள்ளி வாங்குற ஜவ்வரிசி ஆலைக்காரங்க எப்படி விலை பேசுவாங்கன்னு எல்லாம் தெரிய வந்தது கேன்டீன் பெஞ்சுலதான்.

அந்த கேன்டீன் பெஞ்சு கூட்டத்துல ஒருத்தன் ஏற்காடு. ஜியாலஜி படிச்சான், தினமும் 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்துட்டு சாயங்காலம் திரும்பி ஏறுவான், மழை சீசன்ல ரோட்டுல மண்ணு சரிஞ்சா அன்னிக்கு ஆப்சென்ட், அதுக்கு அட்டென்டன்ஸ்ல எந்த சலுகையும் கெடையாது. அவங்க அப்பா காபி எஸ்டேட்ல வேலை. அவன் கூட ஒரு தடவை பஸ்ல மேல போனப்ப, வளைவுல ரோட்டுக்காக வெட்டுன பாறைய காட்டி இது சார்னோகைட்டுடா, கல்கத்தாவுல ஜாப் சார்னாக்குன்னு ஒரு கிழக்கிந்திய கம்பெனிக்காரர் கல்லறையில இருக்குற கல்லு இந்த வகைதான், அத வெச்சு ஹாலண்டுன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் பேரு வெச்சாரு, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல பயங்கர சூட்டுல உருவான பாறை, அதான் இப்ப மேல வந்து நிக்குதுன்னு சொல்லிட்டே வந்தான். நானும் எத்தனையோ தடவை ஏற்காடு போயிருக்கேன், லேக்ல போட்டிங், பஜ்ஜி, பகோடா பாயிண்ட்டு, போட்டோ, அவ்ளோதான். ஓமலூர் ரோட்டுல வெள்ளை வெள்ளையா தெரியுற மேடு மேக்னசைட்டுன்னும், அத சுட்டு ஸ்டீல் உலைக்குள்ள வெக்கிற செங்கல் பண்றாங்கன்னும் சொன்னவனும் அவன்தான். அந்த கல்லு ஒண்ண கொண்டு வந்து குடுத்தான், லேப்ல கரைச்சு, மெக்னீசியம் எவ்ளோன்னு ஈ.டி.டி.ஏ கரைசல் விட்டு பாத்தோம், ஒயின் ரெட்ல இருந்து நீலத்துக்கு மாறுற அந்த செகண்ட் இருக்கே, எத்தன தடவை பாத்தாலும் சலிக்காது. அவனுக்கு ஒரு பேப்பர்ல அரியர் விழுந்து ரெண்டு செமஸ்டர் இழுத்துச்சு, இப்ப ஒரு குவாரி கம்பெனியில இருக்கான், என்ன விட அதிகமா வாங்குறான்.

என்.எஸ்.எஸ் கேம்ப்பும் மலையிலதான் போட்டாங்க, ஏழு நாளு. மலையாளிங்கிற பழங்குடி மக்கள் இருக்குற ஒரு கிராமத்துல ஸ்கூல் பில்டிங்ல தங்கி, காலையில ரோடு சுத்தம் பண்றது, மதியம் வீடு வீடா போய் சர்வே எடுக்குறது. வீட்டுல தண்ணி கூட மோந்து குடிக்காதவன் நான், அங்க எல்லாருக்கும் சேத்து உப்புமா கிண்டுனேன். அத விட பெருசு, திண்ணையில உக்காந்திருக்குற பெரியவர்கிட்ட போய் "ஐயா, வீட்டுல எத்தன பேருங்க, ரேஷன் கார்டு இருக்குதுங்களா"ன்னு கேட்டு அவரு மொறைச்சா கூட நின்னு பேசுறது. இன்டர்வியூ ரூம்ல எனக்கு நடுக்கம் வராததுக்கு காரணம் எந்த பர்சனாலிட்டி டெவலப்மெண்ட் கிளாஸும் இல்ல, அந்த பெரியவர்தான்.

பொண்ணுங்களுக்கு இந்த கணக்கே வேற. எங்க சித்தப்பா பொண்ணு கோரிமேடு மகளிர் காலேஜ்ல படிக்கிறா. அரசு பள்ளியில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்சதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வருது, 2022ல ஆரம்பிச்சது. பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன்னு 2024ல இருந்து அதே 1000. காசு சின்னதுதான், ஆனா அவ பேருல ஏடிஎம் கார்டு, என்ன வாங்கறதுன்னு அவளே முடிவு பண்றா, பஸ் ஏறி தனியா போறா வர்றா, கல்யாண பேச்சு எடுத்தா சித்தியே "டிகிரி முடியட்டும்"னு சொல்றாங்க. மூணு வருஷம் யோசிக்க டைம் கெடைக்குது. எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு அவ்ளோ டைம் வேற எந்த வழியிலயும் கெடச்சு நான் பாக்கல.

அதுக்காக காலேஜ் போனாலே எல்லாம் தானா வந்துரும்னு சொல்ல வரல. 2021-22 கணக்குப்படி உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். இவ்ளோ பேரு படிக்கிற ஊருல டிகிரி பேப்பர் மட்டும் காட்டி யாரையும் அசத்த முடியாது. என் கிளாஸ்லயே மூணு வருஷம் கடைசி பெஞ்சுல ஃபோன நோண்டிட்டு, அடுத்தவன் ரெக்கார்ட காப்பி அடிச்சுட்டு, 75 பர்சன்ட் அட்டென்டன்ஸ் மட்டும் எண்ணிட்டு வெளிய போனவங்க இருக்காங்க, அவங்கள விட பட்டறை பையன் எவ்வளவோ மேல. பிடிக்காத கோர்ஸ்ல ஊருக்காக சேக்குறதும் வேஸ்ட்டு. மாமா பையன் கை வேலையில கெட்டிக்காரன், அவனுக்கு பாலிடெக்னிக் கூட நல்லா வரும், அவன்கிட்டயே கேளுங்கன்னுதான் சொன்னேன். கேட்டாரான்னு தெரியல.

சேக்கறதா முடிவு பண்றவங்க ஒரு வேலைய மட்டும் தள்ளி போடாதீங்க. ஜாதி சான்றிதழ், வருமான சான்றிதழ் எல்லாம் இப்பவே இ-சேவை மையத்துல போட்டுருங்க, என்ஜினியரிங் கவுன்சிலிங் போறவங்க வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழும் சேத்து போடுங்க, ஃபீஸ்ல சலுகை இருக்கு. அட்மிஷன் நேரத்துல சர்வர் படுத்துக்கும், கூட்டம் வேற வாசல் வரைக்கும் நிக்கும்.