பிட்ஸ்பர்க்கில் ஓர் ஏப்ரல் வாரக்கடைசி

கொலம்பஸிலிருந்து பிட்ஸ்பர்குக்குக் காரில் மூன்று மணி நேரப் பயணம். ஒஹாயோவின் சமவெளியைத் தாண்டி, மேற்கு வர்ஜீனியாவின் மெல்லிய வால் பகுதியைக் கடந்து, பென்சில்வேனியாவின் குன்றுகளுக்குள் நுழையும்போதெல்லாம் ஏதோ சொந்த ஊருக்குத் திரும்புவது போன்ற உணர்வு எனக்கு வந்துவிடும். 2013 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக அந்த நகரத்தில்தான் வந்து இறங்கினேன். படிப்பு முடிந்து வேலை வேறு ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டாலும், அங்கே ஒட்டிக்கொண்ட பேஸ்பால் பித்து என்னை விடவில்லை. இந்த ஆண்டு, 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடும் முதல் ஆட்டத்துக்கு எப்படியாவது போய்விடுவது என்று குளிர்காலத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மேற்கிலிருந்து வருபவர்களுக்கு பிட்ஸ்பர்க் நகரம் முன்கூட்டிக் கண்ணில் படுவதில்லை. மலையைக் குடைந்து அமைத்த ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதைக்குள் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் மஞ்சள் விளக்கொளியில் போகிறோம். வெளியே வந்த நொடியில் பாலமும், அலெகெனி, மொனொங்காஹெலா என்ற இரண்டு ஆறுகளும், அவை கூடி ஒஹாயோ ஆறாகும் முனையும், உயர்ந்த கட்டிடங்களும் ஒரே வீச்சில் எதிரே விரிகின்றன. எத்தனை முறை வந்தாலும் அந்த நொடியில் என் கால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

காரை நகரின் நடுப்பகுதியில் நிறுத்திவிட்டு, ரொபெர்டோ கிளெமெண்டே பாலத்தின் மீது நடந்தேன். ஆட்ட நாட்களில் அந்தப் பாலத்தில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. கறுப்பும் பொன்மஞ்சளும் அணிந்த கூட்டம், அதே பொன்மஞ்சள் பூசிய பாலத்தின் மேல், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆற்றைக் கடந்து மைதானத்தை நோக்கி நடப்பது தேரோட்ட நாளில் மாடவீதியில் நடப்பதற்கு நிகரானது. 2001இல் திறந்த பி.என்.சி. பார்க்கின் இருக்கைகளிலிருந்து பார்த்தால் வலப்புறச் சுவருக்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு மேல் இந்தப் பாலம், அதற்குப் பின்னால் நகரம். அமெரிக்காவில் இதைவிட அழகான பேஸ்பால் மைதானம் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

அந்த வலப்புறச் சுவரின் உயரம் 21 அடி. கிளெமெண்டேயின் சட்டை எண் 21 என்பதற்காகவே அந்த உயரம். பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, இந்த அணிக்காகவே தன் ஆட்டக்காலம் முழுவதையும் கொடுத்த அவர், 1972 செப்டம்பரில் தன் 3,000ஆவது அடியை (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் ஒரு தளத்தை ஓடி எட்டினால் அது ஓர் அடி) அடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் சிதைந்த நிக்கராகுவாவுக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து உயிரிழந்தார். அவருடைய கணக்கு 3,000 என்ற எண்ணிலேயே நின்றுவிட்டது. இந்த ஆண்டு நான் போயிருந்தபோது, சுவரின் அடியில் வழக்கமாக இருக்கும் ‘21’ என்ற அடையாளம் இருந்த இடத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. ரசிகர்களும் கிளெமெண்டேயின் குடும்பத்தாரும் வருத்தம் தெரிவித்த பிறகு, அணி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அந்த எண்ணை மீண்டும் வைப்பதாக அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமை என் கண் திரும்பத் திரும்ப அந்த இடத்திற்கே போய்க்கொண்டிருந்தது.

எதிரணி நியூயார்க் யாங்கீஸ். என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மடியில் அட்டை வைத்து, ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் பதிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சிறு வைரவடிவம். ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு தளங்களில் முதலாவதான முதல் பேஸை ஒருவர் அடைந்தால் வைரத்தின் ஒரு பக்கம் தடித்த கோடாகும். சுற்றி வந்து ஓட்டம் எடுத்தால் வைரம் முழுவதும் கறுப்பாகும். மூன்று நல்ல பந்துகளை அடிக்கத் தவறி ஆட்டமிழக்கும் ஸ்ட்ரைக் அவுட் என்றால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமலேயே நின்று ஆட்டமிழந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். முடிவில் 9–4 என்று தோற்றோம். ஆட்டம் முடிவதற்கு முன்பே, உரிமையாளர் அணியை விற்றுவிட வேண்டும் என்ற முழக்கம் மைதானத்தில் எழுந்தது. அந்தப் பெண்மணி முழக்கத்தில் சேரவில்லை. கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, பென்சிலை ரப்பர் பட்டையில் செருகி, அட்டையைப் பைக்குள் வைத்த பிறகுதான் எழுந்தார்.

அந்த முழக்கத்தின் பின்னால் நீண்ட காலத்து வலி இருக்கிறது. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள் இந்த அணி வெற்றியைவிட அதிகத் தோல்விகளைச் சந்தித்தது. நான் வந்து சேர்ந்த 2013இல்தான் அந்தச் சாபம் நீங்கியது. அந்த அக்டோபர் முதல் நாளில், சின்சினாட்டிக்கு எதிரான ஒற்றை நாக்அவுட் ஆட்டத்தில், மொத்த மைதானமும் எதிரணிப் பந்துவீச்சாளர் குவெட்டோவின் பெயரை ராகம் போட்டு இழுக்க, அவர் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த பந்திலேயே பைரேட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தார். மாணவர் விடுதியின் பொது அறையில் தொலைக்காட்சி முன் நின்ற எனக்கு விதிகள் பாதிதான் புரிந்திருந்தன. ஆனாலும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். 2015இல் 98 ஆட்டங்களை வென்ற பிறகு அணி மறுபடியும் சரிந்தது. 2023இலும் 2024இலும் ஒரே கணக்கு: 76 வெற்றி, 86 தோல்வி.

இந்த ஆண்டு வேறுவிதமாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்குள்ள முதல் காரணம் பால் ஸ்கீன்ஸ். 2023இல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் நாட்டிலேயே முதல் தேர்வாக எடுக்கப்பட்ட இந்த இளைஞர் ஒரு காலத்தில் விமானப்படைக் கல்லூரியில் படித்தவர். 2024 மே மாதம் அறிமுகமாகி, 23 ஆட்டங்களில் 133 இன்னிங்ஸ் வீசி, 170 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ஓட்டங்கள் என்ற சராசரியுடன் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் நேர்ப்பந்து பலரிடம் உண்டு. ஸ்கீன்ஸின் தனி ஆயுதம் ‘ஸ்பிளிங்கர்’ என்று அழைக்கப்படும் பந்து: நேர்ப்பந்தைப் போலவே வேகமாக வந்து, மட்டையாளரை நெருங்கும் தறுவாயில் சட்டென்று கீழே இறங்கிவிடும்.

ஆனால் ஒரு பந்துவீச்சாளர் ஐந்தாறு நாட்களுக்கு ஒருமுறைதான் வீச முடியும். மியாமியில் நடந்த சீசனின் முதல் ஆட்டமே இதற்குச் சான்று. ஸ்கீன்ஸ் முன்னிலையில் விட்டுச் சென்ற ஆட்டத்தைப் பின்னால் வந்தவர்கள் காக்கத் தவறினார்கள். அங்கே ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்றை எதிரணியின் கடைசி வாய்ப்பில் இழந்தோம். அதே முதல் நாளில் நிக் கொன்ஸாலெஸ் ஹோம் ரன் அடித்துவிட்டு, கணுக்கால் வலியோடு நொண்டிக்கொண்டே பேஸ்களைச் சுற்றி வந்தார். பிறகு பார்த்தால் எலும்பில் முறிவு. இறுதி இன்னிங்ஸைக் காக்கும் டேவிட் பெட்னார் இந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்; அவரை இண்டியானாபொலிஸ் கிளை அணிக்கு அனுப்பினார்கள். ஜாரெட் ஜோன்ஸுக்கு முழங்கைக் காயம். முதல் பேஸுக்காக வாங்கிய ஸ்பென்சர் ஹார்விட்ஸ் மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையிலிருந்து அப்போது திரும்பியிருக்கவில்லை. சொந்த மைதானத்துக்கு வரும்போதே அணியின் கணக்கு 2 வெற்றி, 5 தோல்வி.

162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எட்டு ஆட்டங்களை வைத்து ஜாதகம் கணிப்பது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பந்துவீச்சு தாங்கும், மட்டைவீச்சு தாங்காது என்பதே என் கணிப்பு. ஆறடி ஏழங்குல உயரமுள்ள ஒனீல் குரூஸ் பந்தை அடிக்கும் வேகத்துக்கு நாட்டில் நிகரில்லை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் இடத்திலிருந்து வெளிக்களத்தின் நடுப்பகுதிக்கு மாற்றப்பட்ட அவர் அங்கே நிலைபெற வேண்டும். 2013இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்ற ஆண்ட்ரூ மெக்கட்சன் 2025இலும் இங்கே ஆடினார் என்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 38 வயதில் அவர் தோளிலேயே பாரத்தை வைப்பது நியாயமில்லை. ஊதியச் செலவில் லீகின் கடைசி வரிசையிலேயே நிற்கும் இந்த அணி, ஒப்பந்த விதிப்படி 2029 வரை தன் கையில் இருக்கும் ஸ்கீன்ஸின் ஆண்டுகளை வீணாக்கிவிடக் கூடாதே என்பதே என் கவலை. 80 வெற்றிகள் கிடைத்தால் இந்த ஆண்டை நல்ல ஆண்டு என்பேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகவில்லை, அதிலும் தோல்விதான். காலையில் நான் படித்த ஓக்லண்ட் பகுதிக்கு நடந்தேன். அணியின் பழைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வெளிச்சுவரில் ஒரு பகுதி, செங்கல்லும் கொடியுமாக, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது. 1960 அக்டோபர் 13 அன்று இங்கேதான் பில் மஸெரோஸ்கி, இதே யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். அந்தத் தொடரில் யாங்கீஸ் எடுத்த மொத்த ஓட்டங்கள் 55; பைரேட்ஸ் எடுத்தவை 27. ஆனாலும் அதிக ஆட்டங்களை வென்ற பைரேட்ஸுக்கே கோப்பை வந்தது. செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றேன். வெயில் ஏறாத கல் சில்லென்றிருந்தது.

ஞாயிறு காலை பென் ஹில்ஸ் குன்றின் மேலுள்ள வேங்கடேஸ்வரர் கோயில். 1970களில் எழுந்த அந்த வெள்ளைக் கோபுரத்தைத் தரிசிக்கப் பல மாநிலங்களிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். உணவுக்கூடத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே, எதிரே இருந்த குடும்பத்தாரிடம் ரிங்கு சிங், தினேஷ் படேல் கதையைச் சொன்னேன். ஈட்டி எறிந்துகொண்டிருந்த அந்த இரு உத்தரப் பிரதேச இளைஞர்களையும் 2008இல் ஒப்பந்தம் செய்தது இதே பைரேட்ஸ் அணிதான். இருவரும் முதல்நிலை அணியை எட்டவில்லை. அந்தக் குடும்பத்தாரின் பத்து வயது மகன், “அங்கிள், அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?” என்று விடாமல் கேட்டான். ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போனதைச் சொன்னபோது அவனுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

பிற்பகலில் திரும்பும் வழியில் கார் வானொலியில் மூன்றாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 4–4. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு கிடைக்கவில்லை. வாஷிங்டன் என்ற சிற்றூரை நெருங்கும்போதே ஒலி இடையிடையே கரகரக்கத் தொடங்கியது. இன்னும் சில மைல்கள் போனால் ஒன்றும் கேட்காது என்பது பழைய அனுபவம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு வானொலியை மட்டும் விட்டுவைத்தேன். பதினொன்றாவது இன்னிங்ஸில் டாமி ஃபாம் அடித்த அடியில் வெற்றி ஓட்டம் வந்தது. 5–4. அறிவிப்பாளரின் குரல் அடங்கும்வரை கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஸ்கீன்ஸ் வீசுகிறார் என்பதை மனதில் குறித்துக்கொண்டு, பெட்ரோல் நிரப்பக் கீழே இறங்கினேன்.