மானிட்டர் போர்க்கப்பல் மாடல்: டரட் முடிந்தது

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்பின் இரும்புக் கவசக் கப்பலான யு.எஸ்.எஸ். மானிட்டரின் டரட், அதாவது சுழலும் பீரங்கிக் கூண்டு, ஒருவழியாக உருவம் பிடித்துவிட்டது. கிட் எதுவும் வாங்காமல், ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி 1:100 அளவில் செய்துகொண்டிருக்கிறேன்.

நிஜக் கப்பலில் டரட்டின் உள்விட்டம் 20 அடி, சுவர் 8 அங்குலம். ஓர் அங்குல இரும்புத் தகடுகளை எட்டு அடுக்காகப் பூட்டியிருந்தார் வடிவமைப்பாளர் ஜான் எரிக்சன். என் அளவில் ஓர் அங்குலம் என்றால் கால் மில்லிமீட்டர். அதே தடிப்பில் ஷீட் கிடைக்கிறது! அப்புறம் எதற்குக் குறுக்குவழி? 61 மி.மீ. குழாயைச் சுற்றி எட்டு அடுக்கும் ஒட்டினேன். ஒவ்வொரு அடுக்குக்கும் பட்டை சுமார் 1.6 மி.மீ. நீளம் கூட வேண்டும். இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தள்ளித் தள்ளி வைத்தால் வட்டம் கோணாது.

கப்பல் உடலில் பெரிதாக வேலையில்லை. மேல்தளம் தண்ணீருக்கு மேலே 18 அங்குலம்தான், மாடலில் நாலரை மி.மீ. சொச்சம். எதிரி சுடுவதற்கு டரட்டைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது என்பதுதான் திட்டமே. 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற விரிகுடாவில் தென்தரப்பின் கவசக் கப்பலான வர்ஜீனியாவோடு மணிக்கணக்கில் மோதியும் இரண்டு கப்பல்களின் கவசமும் தாக்குப்பிடித்தது. அதன்பின் ரஷ்யா, ஸ்வீடன், நார்வே எல்லாம் இதே பாணியில் கட்டின. மானிட்டர் என்பது ஒரு கப்பல் வகைக்கே பெயராகிவிட்டது. ஆனால் அலை எழும் கடலில் அந்தத் தாழ்ந்த தளமே எமன். அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலையில், அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹாட்டரஸ் முனை அருகே புயலில் மானிட்டர் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். டரட்டை 2002இல்தான் மேலே எடுத்தார்கள்.

அதனால் பீடத்தில் அலை வைக்கப்போவதில்லை. விரிகுடாவின் அமைதியான தண்ணீர் போதும்.

அடுத்தது முன்பக்கத்து மாலுமிக் கூண்டு, அதாவது கப்பலைத் திருப்பி ஓட்டும் இடம். நிஜத்தில் 4 அடி உயரம், அதாவது 12 மி.மீ. இது குறுக்கே நிற்பதால் பீரங்கிகளால் நேர் முன்னே சுட முடியாது. பின்னால் வந்த பஸாயிக் வகையில் இதை டரட்டின் தலைமேலேயே தூக்கி வைத்துவிட்டார்கள், சரியான முடிவு. என் டரட்டை ஒட்டாமல் சுழலும்படி விட்டு, பீரங்கிகளை வலப்பக்கம் திருப்பி வைக்கிறேன்.