கைப்பிடி கனத்த நாள்

பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்க ஆரம்பித்துப் பதினாறு வருடமாகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, லென்ஸ் என்ற இயற்பியலாளரின் விதியைக் கரும்பலகையில் எழுதுவேன். காந்தப்புலம் மாறும்போது சுருளில் தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய அந்த மாற்றத்தையே எதிர்க்கும் என்று விளக்குவேன். அந்த எதிர்ப்பு எப்படி இருக்கும் என்பது என் கைக்குத் தெரியாது. போன விடுமுறையில், அறிவியல் ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் பொறியியல், ஆற்றல் செய்முறைப் பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

முதல் நாள் காலை, இரண்டு பேருக்கு ஒன்று என்று கையால் சுற்றும் சின்ன மின்னியற்றியைக் கொடுத்தார்கள். உள்ளே பல்சக்கரங்களும், சுற்றினால் மின்சாரம் தரும் ஒரு டிசி மோட்டாரும். வெளியே கைப்பிடி, இரண்டு வயர், நுனியில் முதலைக் கவ்விகள். பயிற்சியாளர் மூன்று நிலைகளைச் சொன்னார். கவ்விகளை எதிலும் மாட்டாமல் சுற்றுவது, குண்டு பல்பில் மாட்டிச் சுற்றுவது, இரண்டு கவ்வியையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சுற்றுவது. எதில் கைப்பிடி அதிகம் கனக்கும்? சுற்றுவதற்கு முன்பே எழுதச் சொன்னார்.

"பல்பு" என்று எழுதினேன். கவ்விகளைச் சேர்த்துவிட்டால் எரிக்க ஒன்றுமில்லையே, லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதையேதான் எழுதியிருந்தோம். எல்லோரும் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள்.

கவ்விகளைச் சேர்த்துச் சுற்றினேன். கைப்பிடி சேற்றில் சிக்கிய மாதிரி இழுத்தது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், கூடிய மின்னோட்டம் சுருளின் சுழற்சியை அந்த அளவுக்கு எதிர்க்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வாக்கியங்கள்தான். ஆனாலும் எழுதும்போது ஏன் வேறு விடை எழுதினேன் என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடியை மாட்டியதும் இரண்டு விரலால் சுற்ற முடிந்தது. குண்டு பல்பு வாங்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மிச்சம் வெப்பமாகப் போகிறது. இதை அட்டவணை போட்டு நடத்தியிருக்கிறேன். மணிக்கட்டு வலித்த பிறகு அந்த அட்டவணை வேறு மாதிரி தெரிகிறது. (கவ்விகளைச் சேர்க்கும் சோதனை கையால் சுற்றும் மின்னியற்றியோடு மட்டும்தான். பேட்டரியில் செய்தால் வயர் சுட்டுவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

ஃபாரடே செப்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றி மின்னோட்டம் எடுத்தது 1831இல். லென்ஸ் தன் விதியைச் சொன்னது 1834இல். சுழற்றிப் பார்த்தது முதலில், விதி பிறகு. நான் விதியில் தொடங்கி விதியிலேயே முடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காற்றாலை. அட்டையில் இறக்கை வெட்டி, மோட்டார் தண்டில் பொருத்தி, மேசை மின்விசிறி முன்னால் வைத்து, கிடைக்கும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். படிப்படியான செய்முறைத் தாள் எதுவும் தரவில்லை. முதல் ஒரு மணி நேரம் அது எரிச்சலாக இருந்தது. இறக்கையைச் சுழலும் தளத்தோடு தட்டையாக ஒட்டினோம், அசையவே இல்லை. கொஞ்சம் சாய்த்தோம், சுற்ற ஆரம்பித்தது. மூன்று இறக்கைகளையும் மிகக் குறைந்த சாய்வில் வைத்து 2.4 வோல்ட் எடுத்தோம். பக்கத்து அணி ஆறு இறக்கையை நன்றாகச் சாய்த்து வைத்திருந்தது. அவர்களுக்கு 1.7 வோல்ட்தான். எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பயிற்சியாளர் வந்து 30 ஓம் தடை ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை மாட்டிட்டு அளந்து பாருங்க" என்றார். எங்கள் காற்றாலை திணறியது, 0.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அவர்களுடையது 0.9இல் நின்றது. திறனைக் கணக்கிட மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தோம். எங்களுக்கு 3 மில்லிவாட், அவர்களுக்கு 27. சுமை, அதாவது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பல்போ தடையோ, இல்லாமல் வேகமாகச் சுற்றியதைத்தான் நாங்கள் திறன் என்று நம்பியிருந்தோம். சுமையை மாட்டியதும் தேவைப்பட்டது திருப்புவிசை, அதாவது தண்டைத் திருப்பும் வலு, அது எங்கள் இறக்கையில் இல்லை.

அதன் பிறகு சாயங்காலம் வரை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். பாகைமானி வைத்துக் கோணத்தை மாற்றினோம், பிறகு எண்ணிக்கை, பிறகு நீளம். முடிவில் 22 மில்லிவாட் வந்தது. எந்தக் காற்றாலையும் தன் வழியே வரும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று பெட்ஸ் என்ற இயற்பியலாளர் காட்டிய வரம்பை அன்று சொன்னபோது, அறையில் ஒருவர்கூட வெறுமனே குறித்துக்கொள்ளவில்லை. ஏன் முடியாது என்று சண்டைக்கே போனார்கள். காற்றின் ஆற்றலை முழுக்கப் பிடுங்கிவிட்டால் அது பின்னால் நகராமல் நின்றுவிடும், புதுக் காற்று வர வழியிருக்காது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அடங்கியது.

நான்காம் நாள் சூரிய மின்கலம். ஐந்தாம் நாளை முழுக்க, அவரவர் பாடத்துக்குள் இதை எங்கே நுழைப்பது என்று உட்கார்ந்து எழுதுவதற்கு விட்டார்கள். பயிற்சி நடத்துகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த நாளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முன்பு நான் போன பயிற்சிகளில் பெட்டி நிறையக் கருவி கொடுத்து அனுப்பினார்கள். யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டிகள் பிரிக்காமலே அலமாரியில் இருந்தன.

பள்ளி திறந்ததும் விதியை எழுதாமல் மின்னியற்றியோடு வகுப்புக்குப் போனேன். ஊகத்தை எழுதச் சொன்னேன். என்னைப் போலவே எழுதினார்கள், சுற்றினார்கள், வாய் பிளந்தார்கள். கடைசி வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், அப்போ நாங்க வீட்ல லைட் போட்டா, மின் நிலையத்துலயும் இப்படிக் கனக்குமா?"

கனக்கும். சுழலும் வேகம் துளி குறையும், அதை உணர்ந்து நீராவியையோ தண்ணீரையோ கூடுதலாகத் திறந்துவிட அங்கே ஒரு கருவி இருக்கும். பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

மறுநாள் ஐந்து சின்ன பல்புகளைப் பக்க இணைப்பில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தோம். அவள் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றினாள். மற்றவர்கள் சத்தமில்லாமல் சுவிட்சுகளைப் போட்டார்கள்.

"ஒண்ணு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்போ மூணு."

மூன்றுதான் எரிந்துகொண்டிருந்தன.