நாலு அங்குல நிழலுக்கு மூன்று மாதம்

மூன்று தளக் கட்டிடம், கீழே கடைகள், மேலே இரண்டு தளமும் அலுவலகங்கள். அனுமதி கையில் இருந்தது, கான்கிரீட் வேலையும் முடிந்துவிட்டது, அப்போதுதான் ஜன்னலை மாற்றலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆறு சட்டமாகப் பிரித்திருந்த ஜன்னலுக்குப் பதில் ஒரே பெரிய கண்ணாடி, அதையும் சுவரின் வெளிப்பக்கத்தோடு சமமாக வைப்பது. திறப்பின் அளவு மாறவில்லை, ஒரு செங்கல்கூட நகரவில்லை, இதற்கெல்லாம் யார் அனுமதி கேட்பார்கள் என்று ஃப்ரேமுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிய என்னை ஆர்க்கிடெக்ட்தான் பிடித்து நிறுத்தினார். நகர நிர்வாகம் அனுமதித்தது கட்டிடத்தை மட்டுமல்ல, அதன் முகப்பையும் சேர்த்துத்தான் என்றார்.

மாற்றத்துக்கு அனுமதி கேட்டு முதல் முறை நாங்கள் கொடுத்தது, கணினியில் வரைந்த அழகான வண்ணப் படம். ஒன்பது கேள்விகளோடு திரும்பி வந்தது. முதல் கேள்வியே ‘எது மாறியிருக்கிறது?’ என்பதுதான். எங்களுக்குச் சுருக்கென்றது, ஆனால் உண்மை, பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைக்கவே இல்லை. மாறிய இடங்களைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டுவார்களே, அதுவும் இல்லை.

மற்றக் கேள்விகளில் வெப்பக் கணக்குதான் தலைவலி. வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு கண்ணாடி வழியே உள்ளே வருகிறது என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. சாதாரண 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 0.8. நாங்கள் தேர்ந்தெடுத்த இரட்டைக் கண்ணாடிக்கு மிகவும் குறைவு, அதனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். விற்பவர் கொடுத்த அதே தாளில் இருந்த வெப்பக் கடத்தல் எண்ணை வைத்துத்தான் மாட்டினோம். அது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமான எண்ணாம். அலுமினியம் வெப்பத்தைச் சட்டென்று கடத்தும், ஃப்ரேமையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எண் மோசமாகிவிடுகிறது. விற்பவர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிரதிபலிப்பு பற்றிய கேள்வியைப் பார்த்து முதலில் சிரித்தோம். 2013-ல் லண்டனில் ஃபென்சர்ச் தெருவில் கட்டிக்கொண்டிருந்த, முகப்பு உள்வளைந்த ஒரு கண்ணாடிக் கோபுரம் வெயிலைக் குவித்து, கீழே நின்ற காரின் பாகங்களை உருக்கிய கதையை ஆர்க்கிடெக்ட் சொன்னார். எங்களுடையது தட்டையான முகப்பு, அப்படியெல்லாம் குவிக்காது, ஆனால் மேற்குப் பக்க வெயில் எதிர் வீட்டு மாடியில் போய் விழும், அது நியாயமான கவலைதானே.

இரண்டாம் சுற்றில், கேள்விகளை அனுப்பிய நகர நிர்வாக அதிகாரியை நேரில் பார்த்தோம். முகப்பு வரைபடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, “செக்ஷன் எங்க சார்? கண்ணாடி சுவர்ல எந்த ஆழத்துல உட்காருது?” என்று கேட்டார். செக்ஷன் என்றால் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற வரைபடம். பழைய வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் காட்டினார்: 100 மி.மீ. உள்ளே. புதியதில் பூஜ்யம். “நிழல் போயிடுமே” என்றார், அவ்வளவுதான். நாலு அங்குல நிழலுக்காகவா இத்தனை நாள் அலைச்சல் என்று எனக்கு ஆத்திரம்.

அப்புறம் ஒரு ஜன்னலில் மட்டும் மாதிரி ஃப்ரேமை வெளிப்பக்கத்தோடு சமமாகப் பொருத்தி, சாயங்கால வெயிலில் எதிரே நின்று பார்த்தேன். உள்தள்ளிய திறப்புகளில் மேல்விளிம்பிலும் பக்கத்திலும் கறுப்பாக ஒரு கோடு விழுந்து சுவருக்குக் கனம் தெரிந்தது. இது மட்டும் அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. மாதிரி வைத்த அந்த வாரமே மழையும் வந்தது. சுவரில் வழிந்த தண்ணீர் நேராக ஃப்ரேமின் மேல் இறங்கியது, அதைத் தடுக்க இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை தவிர வேறொன்றுமில்லை. வேண்டா வெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

கடைசியில் கிடைத்தது இது: பெரிய கண்ணாடி சரி, ஆனால் பழைய ஆழத்திலேயே, மேல் விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டிப் போக ஒரு காடி (பள்ளக் கோடு), பக்கவாட்டில் திறக்கும் ஒரு கதவு, ஏனென்றால் மூடிய கண்ணாடியில் காற்று வராது. ஸ்லைடிங் போட்டால் பாதிதான் திறக்கும் என்பதால் அதையும் கழித்துவிட்டோம். தரைக்குப் பக்கம் வரும் கண்ணாடியெல்லாம் டஃபன்ட். அதைச் சூடேற்றிக் கடினமாக்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, ஒரு கோடு மாறினாலும் மொத்தமும் வீண், ஆகவே அனுமதிக்கு முன் ஆர்டர் கொடுக்காதது எங்கள் பூர்வஜென்ம புண்ணியம்.

மூன்றாம் சுற்று மட்டும் வேகமாக நகர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, பதில் எந்தத் தாளில் எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வைத்தோம். அதற்குள் சாரம் கட்டிய வாடகை மூன்று மாதத்துக்கு ஏறியிருந்தது.

இறுதி ஆய்வுக்கு வந்தவர் டேப்பை ஜன்னல் பள்ளத்துக்குள் விட்டு அளந்தார். பூச்சுக் கனத்தில் ஓரிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு டஃபன்ட் கண்ணாடியின் மூலையிலும் பொறித்திருக்கும் முத்திரையைத் தேடினார். இரண்டாம் தளத்தில் ஒன்றில் மட்டும் அது காணோம். ஆசாரி கோல் போட்டு கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரப்பட்டையான பீடிங்கை நெம்பி எடுத்துக் காட்டிய பிறகுதான், அடியில் ஒளிந்திருந்த முத்திரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.