அக்கா மகனுக்கு ஒரு வருடம் போனபோது

அக்கா மகன் கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறான். ஐந்தாவது செமஸ்டரில் வருகைப்பதிவு குறைந்ததால் பரீட்சை எழுத முடியாமல் போய்விட்டது. சோமனூரில் அக்கா வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவே ஆளில்லை. "பேசாமத் தறியோட்ட உட்ருங்க" என்று பங்காளிகள் யோசனை வேறு.

அவனோ படிப்பே முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதனால் விதிமுறையை எடுத்துவைத்து இரண்டு பேரும் படித்தோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். 65க்குக் குறையாமல் இருந்தால் உடல்நலம் போன்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு திரும்பப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏன் மாப்ளே கிளாசுக்குப் போகல?"

"போகோணும்னுதாங்க மாமா நெனைப்பேன். ராத்திரி பூராத் தூக்கம் வராதுங்க. வெடியறப்பத்தான் கண்ணு சொக்கும்."

சோம்பேறித்தனம் என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். யாராவது பார்த்துவிடுவார்களே என்று அக்கா பயந்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்றேன். மாத்திரையும் பேச்சுமாகத் தூக்கம் மெல்லச் சீரானது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். தூக்கம் கெட்ட பிள்ளையிடம் புத்தகத்தைத் திணிப்பது வீண். முதலில் தூக்கம், பிறகுதான் படிப்பு. இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து அரியர், அதாவது தேறாமல் நின்ற தாள்கள். எம்-3 என்கிற மூன்றாவது கணக்குத் தாள்தான் அவனுக்குப் பூதம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த விடைத்தாள் நகலை விரித்துப் பார்த்தோம். ஃபூரியர் தொடரில் முறை எல்லாம் சரி. கூட்டல், கழித்தல் குறிகள் மாறி மாறி வரும் பெர்னூலி சூத்திரத்தில் தொகையிடும்போது குறியைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வந்த அத்தனை வரியும் தப்பு. 16 மார்க் கேள்வியில் இது பெரிய அடி. அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் முதலில் குறிகளை வரிசையாக எழுதிவிட்டுத்தான் தொடங்குவான். வீட்டில் இருந்த மாதங்களில் காலையில் கணக்கு, மதியம் அப்பாவோடு தறிக்குடோன் என்று பழக்கிக்கொண்டான். சும்மா இருக்கவிடாததும், சும்மா இருக்கிறாயே என்று யாரையும் கேட்கவிடாததும் அந்த வேலைதான். எம்-3இல் அந்த ஏப்ரல் - மே பரீட்சையிலேயே தேறிவிட்டான்.

விட்ட செமஸ்டரைத் திரும்பப் படிப்பதற்கான மறுசேர்க்கை விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் மேலே போகும், ஒப்புதல் வரக் காலம் பிடிக்கும். வகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். ஜூனியர்களோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று முதல் வாரம் போனில் அழுதான். பிறகு அவர்களுக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். இப்போது ஏழாவது செமஸ்டர். தெர்மோடைனமிக்ஸ் ஒன்றுதான் பாக்கி, நவம்பரில் எழுதுகிறான்.