ஆடிக்காற்றும் பட்டைப் புஷ்ஷும்

2024 ஜூலை 20, சனி

பொலேரோவின் பின்பக்கச் சத்தத்தை இனிப் பொறுக்க முடியாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் யாரோ பின்னால் சுத்தியலைப் போட்டு உருட்டுவதுபோல் ஒரு ‘டொக்’. போன வருடம் குலுங்கலைத் தணிக்கும் அப்சர்வர்தான் போய்விட்டது என்று இரண்டையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்து, பட்டையின் (பின்பக்கத்தைத் தாங்கும் வில் தகடு) பின்முனையைச் சேசிஸ் சட்டத்தோடு கோக்கும் ஷேக்கிளுக்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். தாராளமாக ஆடியது. கறுப்பு ரப்பர் தூள் முகத்தில் கொட்டியது. மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் தேய்ந்து இரும்போடு இரும்பு இடிக்கிறது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். பதிமூன்று வருடமாக உர மூட்டையும் தேங்காயும் ஏற்றியது நான்தான்.

ஜூலை 21, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்து மாமா லாரிப் பட்டறையில் பட்டை வேலை பார்த்தவர். “புதுப் புஷ்ஷைத் தேஞ்ச பின்னுல போட்டீங்கன்னா, தீவாளிக்குள்ள மறுபடியும் அடியில படுக்கோணும் மாப்ள” என்றார். சரி, புஷ்ஷுக்குள் போகும் அந்த இரும்புப் பின்னோடு முழு ஷேக்கிள் செட், இரண்டு பக்கத்துக்கும். முன்முனைக்கும் பின், புஷ் வேண்டும். நாளைக்குக் கோவை போக வேண்டும். ஆடி 18-க்குத் திருமூர்த்திமலை போவதாக வீட்டில் சொல்லியாயிற்று, அதற்குள் முடியணும்.

ஜூலை 27, சனி

உடுமலையில் ஆடிக்காற்று இன்று புழுதியை அள்ளி அள்ளிக் கண்ணில் போட்டது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தானே பிடிக்கும்; பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். சேசிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஜாக்கி. அப்சர்வரின் கீழ் நட்டைக் கழற்றிவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டே, பட்டை தளரும் வரை ஆக்சிலை மெதுவாக இறக்கினேன். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம்.

இடப்பக்கம் அரை மணி நேரத்தில் கழன்றது. வலப்பக்கம் மதியம் முழுவதையும் தின்றது. நட்டு வந்துவிட்டது, பின் அசையவில்லை. ரப்பர் பின்னோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. துரு எண்ணெய் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து ஷேக்கிளை மேலும் கீழும் மாற்றி மாற்றி நெம்பியபோது ஒருவழியாகக் கையோடு வந்தது. வட்டமாக இருக்க வேண்டிய புஷ்ஷின் ஓட்டை புளியங்கொட்டைபோல் நீண்டிருந்தது. பின்னின் நடுவில் இடுப்புபோல் ஒரு பள்ளம். நகத்தை ஓட்டினால் நின்றது.

புது ரப்பர் இரண்டு பாதியாக வந்தது. கிரீஸ் தடவவில்லை. கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிக் கொழகொழத்துவிடும். சோப்புத் தண்ணீரில் முக்கியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எல்லா நட்டையும் இறுக்கி, சக்கரம் மாட்டி, இருட்டுவதற்குள் இறக்கிவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

மெச்சல் காலை ஏழு மணி வரைதான். மாமா வந்து குனிந்து பார்த்தார். “தூக்கி நிறுத்தியேவா முறுக்குனீங்க?”

ஆமாம். அதுதான் தப்பு. ரப்பர் புஷ் சுழல்வதில்லை. இறுக்கிய நிலையிலிருந்து முறுக்கிக்கொண்டு திரும்பும், அவ்வளவே. பட்டை தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே அது முறுக்கிக்கொள்ளும். பிறகு சும்மா நிற்கும்போதும் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

நான்கு சக்கரமும் தரையில் நிற்க, எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தினேன். கடைசி நட்டு இளகியபோது ‘க்ரீச்’ என்றபடி வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபின் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூட்டையேற்றும் இடத்தில் ஏறி நின்று நான்கு தரம் குதித்துவிட்டு, அப்படியே இறுக்கினேன். ஸ்பேனர் போட இடமில்லாமல் விரல் முட்டியில் இரண்டு இடத்தில் தோல் பெயர்ந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. போகும் வழியெல்லாம் வேகத்தடைக்கு வேகத்தடை எல்லாரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம். ‘டொக்’ இல்லை. வீடு திரும்பியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன். வலப்பக்கம் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது.

பழைய ஷேக்கிள் தட்டுகளை மாமா கேட்டு வாங்கிப் போனார். ஆடிக்காற்றுக்குத் தோட்டத்துச் சாளை வீட்டுக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறதாம், முட்டுக்கொடுக்க வேண்டுமாம்.