28 இன்ச் சைக்கிளில் 25 சிசி என்ஜின்: இதுவரை செய்தது

சைக்கிள் இப்போது ஓடுகிறது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போய்த் திரும்ப ஒரு டேங்க் பெட்ரோல், அதாவது அரை லிட்டர் சொச்சம், தாராளமாகப் போதும். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் நம் கடற்கரையின் மணலிலும் உப்புக்காற்றிலும் உருளை வைத்த என்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதுகிற அளவுக்கு ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

அமைப்பு எளிமையானது. பின்சக்கரத்துக்கு மேலே, கேரியரில் ஒரு சின்ன என்ஜின். அதன் கிளட்ச் டிரம்மோடு சேர்ந்து சுற்றும் இரும்பு உருளை ஒன்று டயரை அழுத்திக்கொண்டு நிற்கும். உருளை சுற்றினால் டயர் சுற்றும். தனியாக செயின் வேண்டாம், கியர் வேண்டாம், சக்கரத்தைக் கழற்றவும் வேண்டாம். பிரான்சில் 1946 முதல் 1988 வரை தயாரான வெலோசோலெக்ஸ் வண்டியும் இதே முறைதான். அதில் என்ஜின் முன்சக்கரத்தின் மேல் இருக்கும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது ஹேண்டில் லேசாக இருப்பது நல்லது என்பதால் நான் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

என்ஜின், களை வெட்டும் மிஷினில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்25. தோட்ட வேலைக்கு ஓடிய பழைய மிஷினில் இருந்து கழற்றியது. 43 சிசி, 52 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் இதைவிட மலிவாகக் கிடைக்கின்றன, இழுவையும் அதிகம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-இன்படி நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 25 சிசிக்கு மேற்படாத என்ஜின் பொருத்திய வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கில் வராது. அந்த வரம்புக்குள் நிற்கும் என்ஜின் இது. ஃபோர் ஸ்ட்ரோக், ஆகவே பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. நிமிடத்துக்கு 7000 சுற்றில் 1 குதிரைத்திறன் தருகிறது, வெறும் என்ஜின் எடை 3 கிலோவுக்குள்தான். எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஓடும்.

உருளையை மண்டபத்தில் படகு ஷாஃப்ட் கடையும் ஒரு லேத் பட்டறையில் கடைந்தேன். டயரை நன்றாகக் கவ்வட்டும் என்று உருளையின் மேல் பல் பல்லாகக் கொத்தித் தரச் சொன்னேன். பட்டறை பாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. "தம்பி, பல்லு போட்டா ரெண்டே மாசத்துல டயரைத் தின்னுப்புடும். இப்போதைக்கு வழவழன்னே போட்டுட்டுப் போங்க. வழுக்குனா கொண்டாங்க, லேசா கோடு இழுத்துத் தர்றேன்" என்றார். அவர் சொன்னபடியே விட்டேன். இன்றுவரை கோடு இழுக்கத் தேவைப்படவில்லை.

விட்டம் 25 மி.மீ. இந்த முறையில் சக்கரம் எத்தனை இன்ச் என்பது வேகத்தைப் பாதிக்காது. உருளையின் மேற்பரப்பு என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதுதான் வண்டியின் வேகம். 25 மி.மீ. உருளை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 78.5 மி.மீ. நகர்த்தும், 6000 சுற்றில் மணிக்கு 28 கிலோமீட்டர். 32 மி.மீ. போட்டிருந்தால் அதே சுற்றில் 36 வரும், ஆனால் 1 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் அந்த வேகத்தை எட்ட முடியாது.

அதிக நேரம் எடுத்தது, என்ஜின் உட்கார்ந்திருக்கும் தட்டு மேலும் கீழும் அசைவதற்கான கீலுக்கு இடம் பார்ப்பதில்தான். உருளை டயரை முன்னோக்கித் தள்ளும்போது டயர் உருளையைப் பின்னோக்கித் தள்ளும். என்ஜின் தட்டின் கீல் உருளைக்கு முன்னால், மேலே இருந்தால் இந்தத் தள்ளல் உருளையைத் தூக்கிவிடும். கீல் பின்னால், மேலே இருந்தால் அதே தள்ளல் உருளையை டயருக்குள் அழுத்தும். கேரியரின் வால்பக்கம் ஒரு குறுக்குப்பட்டை வெல்டிங் செய்து கீலை அங்கே வைத்தேன். பாலத்தின் நடு உயரத்துக்கு ஏறுகையில் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கப் பிடி தானாக இறுகுகிறது. மொபெட் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்று ஆரம்ப அழுத்தம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள லிவரை இழுத்தால் உருளை மேலே போய்விடும், வண்டி சாதாரண சைக்கிளாகிவிடும்.

சுற்றும் திசையையும் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் முனைக்கு நேரே நின்று பார்த்தால் இந்த என்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் என்ஜின் சக்கரத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஷாஃப்ட் வலப்பக்கம் நீண்டால்தான் வண்டி முன்னால் போகும். உருளையின் மறுமுனைக்கு 6201 பேரிங், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது. மூடாத பேரிங் இந்த ஊர் மணலில் நிற்காது.

மணலும் முள்ளும்தான் பெரிய வேலை. உருளையும் டயரும் தொடும் இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. 2017-இல் திறந்த அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலைத் தாரின் மேல் ஏற்றிக்கொண்டே இருக்கும். டயரில் ஒட்டிய மணல் உருளைக்கு அடியில் போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ரப்பர் கரைகிறது. சீமைக்கருவேல முள் இன்னும் மோசம். வெறும் சைக்கிளில் டயரின் மேல்தோலில் குத்தி நின்று உடைந்துபோகும் முள்ளை, இந்த உருளை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே அடித்து இறக்குகிறது. சக்கரத்தின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுவதால் டயர் பின்பக்கமிருந்துதான் உருளைக்குள் வருகிறது. அங்கே, உருளைக்குச் சற்றுப் பின்னால், பனந்தும்பு பிரஷ் ஒன்றை டயரைத் தொடும்படி கட்டினேன். மணலில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது, மேலாக நிற்கும் முள்ளும் பெரும்பாலும் தட்டுப்படுகிறது. நைலான் பிரஷும் வைத்துப் பார்த்தேன். சூட்டில் வளைந்துபோகிறது, தும்பு வளையவில்லை. டயருக்குள் பழைய டியூபை வெட்டி ஒரு சுற்று போட்டிருக்கிறேன். காற்றும் கல் போல இருக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் சுடுகிறது, வேகம் விழுகிறது.

ஆடிக் கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில், ஓட்டுவது தனி அனுபவம். மண்டபம் போகையில் வலப்பக்கமாகப் பின்னாலிருந்து தள்ளும். திரும்புகையில் இடப்பக்கமாக முகத்தில் அடிக்கும். என் என்ஜினில் 4000 சுற்றை ஒட்டித்தான் கிளட்ச் பிடிக்கிறது. அது மணிக்கு 19 கிலோமீட்டர். அதற்குக் கீழே போனால் கிளட்ச் வழுக்கிச் சூடாகும். ஆகவே காற்றுக்கு எதிரே நானும் மிதிக்கிறேன். இதற்குப் பதில் ஒரு எக்ஸ்எல் மொபெட் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மிதித்துக்கொண்டே போவதற்கு எனக்கு ஆசை, கச்சானில் மட்டும் கூட ஒரு கை வேண்டும்.

மழையில் உருளை வழுக்குகிறது. தூக்கிவிட்டு மிதித்து வீடு சேர வேண்டியதுதான். உப்புக்கு, வெல்டிங் போட்ட இடமெல்லாம் ரெட் ஆக்சைடு அடித்தேன். அலுமினியத்தில் ஏறும் ஸ்டீல் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவித்தான் முடுக்கியிருக்கிறேன். அப்படிச் செய்யாவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் பொரிந்து போல்ட் கழலவே கழலாது.

அடுத்த வேலை பிரேக். ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை மேலே இழுத்துப் பிடிப்பது. 28 கிலோமீட்டரில் அது எனக்குப் போதவில்லை. அந்த ரிம்மின் பக்கங்கள் தட்டையாக இல்லாததால் பக்கவாட்டில் கவ்வும் பிரேக்கை அப்படியே மாட்டவும் முடியாது. முன்சக்கரத்தை ரிம்மோடு மாற்றப் போகிறேன். அதுவரை 25-க்கு மேல் போவதில்லை, மழை நாளில் பாலம் ஏறுவதும் இல்லை.